தலைவர் வேடத்துக்கு யார் பொருத்தம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் அண்ணன் வீட்டு முன்னறையில் குறைந்தது பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மலேசியாவில், மலாக்கா மாநிலத்தில், பெம்பானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தை ஒட்டி இருந்த வீடு அது. அண்ணன் அந்த அலுவலகத்தில் கிராணி. வருகைப் பதிவு, கடிதப் போக்குவரத்து, தட்டச்சு எல்லாம் அவர் கையில். தொண்ணூறுகளின் பின்பாதியில் துணைக்கோளத் தொலைக்காட்சி வந்தபோது தோட்டத்தில் இரண்டு கூரைகளில்தான் அந்த வட்டத் தட்டு ஏறியது. ஒன்று மளிகைக் கடை, மற்றது இந்த வீடு. கடையில் ஆண்கள் பந்தாட்டம் பார்த்தார்கள். இங்கே பெண்கள் தொடர் நாடகம் பார்த்தார்கள்.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காவிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவேன். சாப்பிட்டதும் கிளம்பலாம்தான். அண்ணியின் விமர்சனத்துக்காக ஐந்து மணி வரை இருந்துவிடுவேன்.

அண்ணி ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். வாரத்தில் ஆறு நாள் வெளிச்சத்துக்கு எதிரே ரப்பர் கையுறைகளைப் பிடித்து ஓட்டை தேடும் வேலை. ஏழாம் நாள் நாடகத்தைப் பார்க்கும்போதும் கண் அப்படித்தான் இருந்தது. கதையைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. யாருக்கு எந்த வேடம் கொடுத்தார்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். ஏழை வீட்டு மருமகளாக வந்தவளின் நகங்களைப் பார்த்ததும், இது பாத்திரம் விளக்குகிற கை இல்லை என்று தள்ளிவிட்டார். ஒரு தாயார் வேடக்காரி தன் மகனைவிட இரண்டு வயது இளையவள் என்பதை முதல் காட்சியிலேயே கண்டுபிடித்தார். ஒரு நடிகை பாதியில் விலகிப்போய், திரை உறைந்து, இனி இவருக்குப் பதில் இவர் என்று எழுத்து வந்தபோது மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அண்ணிக்கு வருத்தமே இல்லை. பழையவள் அழுதால் தனக்கு அழுகை வரவில்லை, இவள் சும்மா நின்றாலே வருகிறது என்றார்.

அந்த நாடகத்தில் ஓர் ஊர்ப் பெரியவர் உண்டு. வாட்டசாட்டமான ஆள். அவர் வரும்போதெல்லாம் அண்ணிக்கு எரிச்சல்.

"மூஞ்சியப் பார்த்து எடுத்திருக்கான் தம்பி. மீசை இருக்கு, தோள் இருக்கு. வாயத் தொறந்தா ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. இந்த ஆளுக்கு எவன்லா பயப்படுவான்?"

நாடகம் முடிந்ததும் செய்தி வரும். பெண்கள் எழுந்து போகாமல் இருந்ததற்குக் காரணம், அண்ணி அரசியல்வாதிகளையும் அதே தராசில் வைத்ததுதான். பாலம் திறந்த ஓர் அமைச்சரை, வில்லனாகப் பிறந்தவர், தெரியாமல் நல்லவர் வேடத்தில் போட்டுவிட்டார்கள் என்றார். தேர்தல் பேச்சு அடிபட்ட மாதங்களில் தினமும் ஒருவர் மேடை ஏறினார். தாளைப் பார்த்துப் படித்தவரை வசனம் பாடமாகாதவர் என்றார். தாளில்லாமல் பேசியவரை, யாரோ எழுதிக்கொடுத்ததை மறந்துவிட்டவர் என்றார். கட்சி வித்தியாசம் அவருக்குக் கிடையாது. கொள்கையைப் பற்றி நான் ஏதாவது சொல்லப் போனால், அதைக் கதை எழுதுகிறவனிடம் கேளுங்கள் தம்பி, நான் ஆளைத்தான் பார்க்கிறேன் என்பார்.

இதையெல்லாம் அண்ணன் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஓர் அரசியல் கட்சியின் தோட்டக் கிளைக்கு அவர் பன்னிரண்டு வருடமாகத் தலைவர். உயரமானவர். வெள்ளைச் சட்டை அவருக்குப் பொருந்தும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை கொடுப்பதையும் கோயில் திருவிழாவில் மாலை வாங்குவதையும் நானே படமெடுத்து நாளிதழுக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று படங்கள் வெளிவந்தன. தோட்டத்துக்கு வெளியே அவர் ஒரு தலைவராகத் தெரிந்ததில் என் கேமராவுக்கும் பங்கு உண்டு.

அந்த வருடம் தோட்டத்தை வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்போவதாகத் தெரிந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற வேண்டும். பக்கத்திலேயே மாற்று வீடு கொடுப்பார்களா என்பதுதான் கேள்வி. நிர்வாகம் கிளையோடுதான் பேசும். அண்ணன் இரண்டு முறை மனேஜரைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு முறையும், பார்ப்போம் என்று சொன்னார் என்ற ஒரே பதிலோடு வந்தார். தனக்குச் சம்பளம் போடுகிறவர் முன்னால் அதற்கு மேல் ஒரு கிராணி என்ன கேட்க முடியும் என்பது எனக்குப் புரிந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு அது புரிந்தும் பயனில்லை.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி டிரைவர் ஒருவர், மனேஜரிடமல்ல, குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர், கிளைத் தலைவர் பதவிக்குப் போட்டியிடப் போவதாகச் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெதுவாகப் பேசத் தெரியாதவர். லாரி இரைச்சலிலேயே பேசிப் பழகிய குரல்.

ஆண்டுக் கூட்ட அறிவிப்பு அண்ணன் கையெழுத்தில் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. ஞாயிறு, மாலை நான்கு மணி, தோட்டத்து மண்டபம். அடுத்த வாரம் சாப்பாட்டின்போது அண்ணி அதைப் பற்றிக் கேட்டார்.

"நாலு மணியா?"

"தொகுதியில இருந்து வர்றவருக்கு அப்பதான் நேரம்," என்றார் அண்ணன்.

"அவருகிட்ட நீங்க கேட்டீங்களா, கிளைச் செயலாளர் கேட்டாரா?"

அண்ணன் சோற்றைப் பிசைந்தார். "செயலாளர்தான் கேட்டாரு."

அண்ணி என் பக்கம் திரும்பி, கூட்டத்துக்குப் போதிய ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். கட்சி விதி எனக்குத் தெரியும். பாதிப் பேர் வர வேண்டும், வராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும், அதுவரை பழைய நிர்வாகமே தொடரும் என்றேன். கிளையில் பாதிக்கு மேல் பெண்கள். ஆண்கள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆயர் குரோ தொழிற்சாலைகளில் ஷிப்டு. நான்கு மணிக்குப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று செயலாளருக்கு நன்றாகத் தெரியும். நேரத்தை அண்ணன் குறிக்கவில்லை. ஆனால் குறித்ததைப் பார்த்தும் பேசாமல் எழுதி ஒட்டியவர் அவர்தான்.

"அப்ப என் டிவிதான் உங்களுக்கு ஓட்டா?" என்றார் அண்ணி.

அண்ணன் சோற்றில் ரசத்துக்குக் குழி செய்தார். அண்ணி அவர் தட்டில் ரசம் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க. இந்த வேஷம் உங்களுக்கு இல்லங்க. மனேஜர் முன்னால நீங்க நாற்காலி நுனியில உட்காருவீங்க. தப்புன்னு சொல்லல, அவருதான் சம்பளம் போடறாரு. அந்த லாரிக்காரன் நல்லா சாஞ்சு உட்காருவான்."

"பன்னெண்டு வருஷம் நான்தான் பார்த்தேன்."

"பன்னெண்டு வருஷமும் கல்யாணம், கருமாதி, புத்தகப் பை. இப்ப கேக்கறது வீடு."

அண்ணன், தம்பி முன்னாடியே சொல்றே, என்றார். அதற்கு அண்ணி, தம்பி படம் பிடித்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அவரும் கேட்கட்டும் என்றார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

"அப்ப நான் யாரு?" என்றார் அண்ணன். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"செயலாளர். சூராட், கடிதம் எழுதினா உங்கள மாதிரி இந்த ஜில்லாவுலயே ஆள் கிடையாது. மலாய்ல நீங்க ஒரு வரி எழுதினா எந்த ஆபீஸ்லயும் அத ஒதுக்கி வெக்க முடியாது. பேப்பர் நாற்காலி நுனியில உட்காராது."

"தலைவரா இருந்தவன் செயலாளரா? தோட்டமே சிரிக்கும்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். அந்தப் பதவி போனால் அவரிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்தேன். தோட்டத்தை விற்றால் கிராணி வேலையும் நிச்சயமில்லை.

அந்த வாரம் அண்ணி வீடு வீடாகப் போனார். யாருக்குக் கை தூக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வாருங்கள், நாடகத்தை ரெக்கார்ட் செய்து வைக்கிறேன், முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்பது மட்டும்தான் அவர் சொன்னது. ரெக்கார்ட் செய்தால் விளம்பரமும் வருமா அக்கா என்று ஒருத்தி கேட்டாளாம். இன்னொருத்திக்கு வேறு கவலை.

"அதுக்குள்ள கடைக்காரர் பொண்டாட்டி பார்த்துட்டு வந்து கதைய முழுசா சொல்லிடுவாக்கா."

"அவளையும் மீட்டிங்குக்கு இழுத்துட்டு வந்துடறேன்லா," என்றார் அண்ணி. அப்படியே செய்தார்.

கூட்டத்தன்று நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒளிநாடாவைப் போட்டு, பொத்தானை அழுத்தி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று என்னையும் பார்க்கச் சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டினார். மண்டபத்தில் செயலாளர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெண்கள் ஒன்றாக உள்ளே வந்தபோது தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொகுதியிலிருந்து வந்த பார்வையாளர் தலைகளை எண்ணினார். நாற்பத்தொன்று. தேவையான எண்ணிக்கைக்கு மேல்.

தலைவர் தேர்தல் கை தூக்கி நடந்தது. லாரி டிரைவருக்கு இருபத்து நான்கு, அண்ணனுக்குப் பதினாறு, ஒருவர் யாருக்கும் தூக்கவில்லை. பதினாறில் என் அண்ணி இல்லை. அவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து டிரைவருக்குத்தான் கை தூக்கினார், எண்ணி முடிக்கும்வரை இறக்கவுமில்லை. மேடையிலிருந்து அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பழைய செயலாளர் தனக்கு இனி எந்தப் பதவியும் வேண்டாம் என்றார். செயலாளர் பதவிக்குப் பெயர் சொல்லுங்கள் என்று பார்வையாளர் கேட்டார். ஒரு பெயரும் வரவில்லை. அண்ணனைத் தவிர மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த உறுப்பினர் அங்கே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தோற்ற தலைவரைச் சிறிய பதவிக்குக் கூப்பிடுவது அவமரியாதை என்றும் எல்லோருக்கும் தெரியும். புதிய தலைவர் அண்ணனைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

அண்ணி எழுந்து நின்றார். "நான் ஒருத்தர முன்மொழியறேன்."

"சொல்லுங்கம்மா."

"அங்க முன்னாடி உட்கார்ந்திருக்காங்களே, அவங்க."

பார்வையாளர் சுங்கை ரம்பாய் என்ற வேற்றூரிலிருந்து வந்தவர், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது. பெயரைச் சொன்னால்தான் குறிப்பில் எழுத முடியும் என்றார். மண்டபத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்தில் மனைவிகள் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. அரசாங்க கிளினிக்கில் தாதி கேட்டால்கூட அடையாள அட்டையை நீட்டுவார்கள், அல்லது கூட வந்த பிள்ளை சொல்லும். பக்கத்தில் இருந்த பெண், நான் சொல்றேங்க்கா, என்று எழப் பார்த்தாள். அண்ணி அவள் தோளில் கை வைத்து உட்காரச் சொன்னார்.

பிறகு என் அண்ணனின் பெயரைச் சொன்னார். அடையாள அட்டையில் இருப்பதுபோல் அப்பாவின் பெயரையும் சேர்த்து, வருகைப் பதிவில் கூப்பிடுவது போன்ற குரலில் சொன்னார். இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை. பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் வழிமொழியறேன் அண்ணே," என்றார் டிரைவர். பார்வையாளரிடம் சொல்ல வேண்டியதை என் அண்ணனிடம் சொன்னார்.

ஏற்கிறீர்களா என்று பார்வையாளர் கேட்டார். அண்ணன் எழுந்தார். திரும்பி அண்ணியைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. டிரைவரைத்தான் பார்த்தார்.

"மனேஜருக்குப் போற கடிதம் நான் எழுதினபடிதான் போகணும். நீ அங்க போய் எப்படி வேணும்னாலும் கத்து. கடிதத்தில கத்தக் கூடாது."

"சரி அண்ணே. கத்தறது என் வேலை."

மண்டபம் சிரித்தது. ஏற்கிறேன் என்றார் அண்ணன். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மேடை மேசைக்குப் போனார். பழைய செயலாளர் வாக்கு எண்ணிக்கை தொடங்கியபோதே எழுதுவதை நிறுத்தியிருந்தார். அதனால் தன் பெயருக்கு நேரே பதினாறு என்று அண்ணனே எழுத வேண்டியிருந்தது. எழுதினார். நான் நாளிதழுக்கு நான்கு வரி அனுப்பினேன், படம் அனுப்பவில்லை.

புதன்கிழமை டிரைவர் லாரியை அலுவலக வாசலில் நிறுத்திவிட்டுக் கிளையின் கடிதத்தோடு உள்ளே போனார். கடிதங்களை வாங்கிப் பதிவது கிராணியின் வேலை. ஆகவே முந்தின நாள் மாலை தான் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை அண்ணனே வாங்கி, பெற்றுக்கொள்ளப்பட்டது என்று முத்திரை குத்தி, மனேஜர் மேசைக்குக் கொண்டுபோனார். டிரைவர் உள்ளே அரை மணி நேரம் இருந்தார். குரல் எடை போடும் கொட்டகை வரை கேட்டதாம்.

பத்து நாள் கழித்து நிர்வாகம் முதல்முறையாக எழுத்தில் பதில் கொடுத்தது. மாற்று வீடு பற்றி நிர்வாகம், வீடமைப்பு நிறுவனம், கிளை என மூன்று தரப்பும் உட்கார்ந்து பேச ஒரு தேதி அதில் இருந்தது. மனேஜர் சொல்லச் சொல்ல அண்ணன்தான் தட்டச்சு செய்தார். பெறுநர் கிளைச் செயலாளர் என்று தன் பெயரையே டைப் அடித்து, உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார்.