ஒரு மணி நேரத்துக்கு ஒரு சோபா

சோபாக்காரம்மா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கும் கடை அவளுடையது. உள்ளே போனால் உட்கார ஓர் இடம் இருக்காது. இருக்கிற நாற்காலியெல்லாம் குடலைக் காட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடக்கும். கையில் வளைந்த ஊசி, வாயில் இரண்டு ஆணி. ஆணியைப் பல்லில் கடித்தபடியே பேரம் பேசுவாள், அதில் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய இந்தப் பெண்மணிக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது என்றால் சிரிக்கத்தான் தோன்றும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஊருக்கு வெளியே சின்ன விமானங்களை வைத்துப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் கிளப் ஒன்று உண்டு. அதன் மெக்கானிக் ஒருநாள் கிழிந்த சீட் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். தைத்ததை மாட்டிப் பார்க்க அவளே நேரில் போனாள். மாட்டியதும் உட்கார்ந்தும் பார்த்தாள். உட்கார்ந்து பார்க்காமல் எந்த வேலையையும் அவள் ஒப்படைப்பதில்லை. எதிரே கண்ணாடி, அதற்கப்பால் நேராக நீண்டு கிடக்கும் ஓடுபாதை. மெக்கானிக் வெளியே போய் இரண்டு போன் பேசிவிட்டுத் திரும்பியபோதும் அவள் இறங்கவில்லை. இதை ஓட்டிப் பழக என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் சொன்ன தொகையைக் கேட்டபோது நல்லவேளையாக வாயில் ஆணி இல்லை. இருந்திருந்தால் விழுங்கியிருப்பாள்.

ஒரு மணி நேரம் பறக்கும் செலவு, ஒரு முழு சோபா செட் தைத்து முடித்தால் அவள் கையில் நிற்கும் காசு. அன்றிலிருந்து வானத்தை அவள் சோபாவில்தான் கணக்குப் போட்டாள்.

வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுபவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நகை கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். இதுக்கு எப்படி முடியாதுன்னு சொல்றதுன்னே தெரியலையே" என்றார். வெளியூரில் படிக்கும் மகள், அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு என்று அவருக்குத் தனியாகப் போன் போட்டுக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, இனிமேல்தான் ஆகும் என்றாராம்.

மாதம் ஒரு சோபாவை வானத்துக்கென்று ஒதுக்கினாள். பயிற்சி கொடுத்த கேப்டன் அவளைவிட எவ்வளவோ சின்னவர். அவர் அவளை அக்கா என்றார், அவள் அவரைக் கேப்டன் தம்பி என்றாள். மற்றவர்களெல்லாம் சார் சார் என்று குழையும் இடத்தில் இப்படிக் கூப்பிட்டது அவருக்கே பிடித்துப்போயிற்று. ஆனால் மாதம் ஒருமுறை பறந்தால் என்ன தேறும்? போன மாதம் பழகியது இந்த மாதம் மறந்துவிடும். பாதி நேரம் பழசைத் தூசு தட்டவே சரியாகப் போகும். இந்த வேகத்தில் போனால் நீங்கள் தனியாகப் பறப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும் என்று கேப்டன் சொல்லியே விட்டார்.

அவளுக்கு வேண்டியிருந்ததும் அந்தத் தனிப் பறத்தல் ஒன்றுதான். பக்கத்தில் ஆள் இல்லாமல், தன் கையால் ஏற்றி, ஒரு சுற்று சுற்றி, தன் கையால் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு பறக்கக் கொடுத்துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

சும்மா விடுவாளா? மற்றவர்கள் பயிற்சிக்குப் போகும்போது பின் சீட் காலியாகத்தானே போகிறது, நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டு வாங்கினாள். காசு கட்டிக் கற்றவனுக்கு விழுந்த திட்டையெல்லாம் இவள் இலவசமாகக் காதில் வாங்கிக்கொண்டாள். கடையில் துணி உரித்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, திரைச்சீலைக் கம்பியைப் விமானத்தின் பிடியாக வைத்துக்கொண்டு இறக்கிப் பழகினாள். அப்போது ஒருவர் வந்து சோபா தைத்துத் தர எத்தனை நாள் ஆகும் என்று கேட்க, கொஞ்சம் இருங்கள், தரை தொடப் போகிறேன் என்றிருக்கிறாள். மனுஷர் மறுபேச்சுப் பேசாமல் வேறு கடைக்குப் போய்விட்டார். ஒரு சோபா போயிற்று.

கடைசியில் வழி சீட்டிலேயே இருந்தது. கிளப்பில் இரண்டு விமானம், இரண்டிலும் சீட்டெல்லாம் அமுங்கிக் குழியாகி நார்நாராகக் கிடந்தன. கம்பெனியில் புது சீட் கேட்டால் யானை விலை சொன்னார்கள். நான் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம், அதற்குப் பதில் பறக்கவிடுங்கள் என்று கிளப்பாரிடம் பேசி முடித்தாள். இருக்கிற சீட்டுக்குத் தக்க மணி நேரம்தான், அதற்கு மேல் கிடையாது என்று அவர்களும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மெக்கானிக் அவள் வாங்கிய ஃபோமைக் கொளுத்திப் பார்த்தார், தீப்பிடிக்கவில்லை. நிறுத்துப் பார்த்தார், எடை கூடவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் சும்மா தைக்கிற ஆள் இல்லை. குழியில் விழுந்தமாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே பிள்ளைகள் என்று, நல்ல கெட்டி ஃபோமாகத் தாராளமாக வைத்து, விளிம்புக்கு இரட்டைத் தையல் போட்டு, ராஜா உட்காருகிற மாதிரி செய்தாள். இரண்டு விமானத்திலும் முதலில் கற்பவர் உட்காரும் இடது சீட்டை முடித்தாள். கேப்டனின் வலது சீட் அப்புறம் ஆகட்டும் என்று விட்டாள். உட்கார்ந்த பையன்களெல்லாம் அடடா என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம்தான் அவளைத் தனியாக அனுப்புவதாகக் கேப்டன் சொல்லியிருந்தார். நாலைந்து முறை ஒழுங்காக இறக்கிக் காட்டினால் போதும். இறக்கினாள். விமானம் தரையைத் தொட்டது, எம்பியது, தொப்பென்று விழுந்தது. மறுபடி இறக்கினாள், மறுபடி தொப். நேற்றுவரை பூப்போல இறக்கிய கை அது. மற்றப் பையன்களும் அதே கதைதான். அந்த வாரம் கிளப்பே தவளையாகத் துள்ளிக்கொண்டிருந்தது. கேப்டன் வலது பக்கத்திலிருந்து தானே இறக்கிக் காட்டுவார், அலுங்காமல் குலுங்காமல் இறங்கும். அப்புறம் எல்லோருக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும்.

"அவசரம் வேண்டாங்க்கா. இன்னும் கொஞ்சம் கை பழகட்டும்" என்று அவளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பழகுவதற்கு மணி நேரம் எங்கே இருக்கிறது? சீட்டுக்குப் பேசிய மணி நேரத்தில் பாதி போய்விட்டது, மிச்சமும் கரைந்துவிட்டால் மறுபடி மாதம் ஒரு சோபாதான், மறுபடி மறதிதான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர், தன் பஸ் கதையைத்தான் எடுத்தார். போன வருஷம் டிப்போவில் அவர் பஸ்ஸுக்கு சீட் மாற்றினார்கள். ரெண்டு நாள் வளைவில் எல்லாம் ஓரக் கல்லில் உரசினார். கை அதே கைதான். "கண்ணுதான் ஒரு சாண் மேல ஏறிப்போச்சு. ரோடே வேற மாதிரி தெரிஞ்சுது" என்றார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நாலு விரல் கெட்டி ஃபோம். உட்கார்ந்த ஆளின் கண் உயர்ந்தால் விமானத்தின் மூக்கு தாழ்ந்திருப்பதாகத் தோன்றும். தாழ்ந்திருக்கிறதே என்று பிடியை இழுப்பார்கள். இழுத்தால் எம்பத்தானே செய்யும்?

விஷயம் புரிந்ததும் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். சொன்னால் வேலை கெட்ட பேர் வரும், இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பேர் அவள் எடுத்ததில்லை. திருப்பித் தைக்கிற கூலியை மிச்ச மணி நேரத்தில்தான் கழிப்பார்கள். சொல்லாமல் விட்டால் பையன்களுக்கும் கண் மெல்லப் பழகிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த யோசனை அவளுக்கு வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே வந்தது. ஆனால் எவனாவது மூக்கை உடைத்துக்கொண்டால் அந்த சீட்டை அவள் எப்படித் திரும்பிப் பார்ப்பாள்?

காலையில் போய் நின்றாள். கேப்டன் தம்பி, இன்றைக்கு நீங்கள் இடது பக்கம் உட்கார்ந்து இறக்கிக் காட்டுங்கள் என்றாள். இதென்ன புதுசாக என்று சிரித்துக்கொண்டே ஏறினார். அவள் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டாள். சுற்றி வந்து இறக்கினார் மகா கேப்டன். தொட்டது, எம்பியது, தொப். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமா அது?

"உங்க கையில ஒண்ணும் இல்ல தம்பி. பசங்க கையிலயும் இல்ல. நான் போட்ட சீட்டு உசரம்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. திட்டு வாங்கின பயல்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

கிளப்பார் அவ்வளவு தாராளம் இல்லை. அவள் நினைத்தபடியே நடந்தது. ஃபோமை அறுத்துக் குறைத்து, உறையைப் பிடித்துத் தைத்து, இனிவரும் சீட்டெல்லாம் அதே அளவுக்கு என்று மெக்கானிக் முன்னால் அளந்து காட்டினாள். மறுவேலைக்கும், துள்ளலில் தேய்ந்த டயருக்கும் கழித்துக்கொண்டார்கள். எல்லாச் சீட்டையும் முடித்துக் கொடுத்த அன்று அவளுக்கு மிச்சம் அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் கேப்டனோடு ஏறி ஒரு சுற்று வந்தாள். விமானம் தரையில் உட்கார்ந்ததே தெரியவில்லை. ஓடுபாதை முனையில் நிறுத்தச் சொல்லி, அவர் பெல்ட்டைக் கழற்றினார்.

"இருக்கற நேரத்துல எனக்கு எதுக்குக்கா பங்கு? நான் இறங்கிக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

கதவைச் சாத்திவிட்டுப் புல்லில் போய் நின்றுகொண்டார்.

ஒரு ஆள் எடை குறைந்ததில் விமானம் அவள் எதிர்பார்ப்பதற்குள் மேலே போய்விட்டது. ஐயோ என்றாள், கேட்க யாருமில்லை. பிறகு பயம் போய்விட்டது. கீழே ரோடு, ரோட்டில் பஸ், கூரைகள், அவற்றுக்குள் அவள் தைத்த எத்தனையோ சோபாக்கள். பாட வராது, வந்திருந்தால் பாடியிருப்பாள். திரும்பினாள், காற்று எந்தப் பக்கம் என்று ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் ஆடும் துணிக்குழாயைப் பார்த்தாள், மூக்கை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, அலுங்காமல் இறக்கினாள்.

கேப்டன் ஓடி வந்து கதவைத் திறந்தார். அவள் உடனே இறங்கவில்லை. கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள், மறுபடி துடைத்தாள். எப்படி இருந்துச்சுக்கா என்று அவர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

"கம்பத்துல தொங்குதே துணி, அது அடியில கிழிஞ்சிருக்கு தம்பி, மேலருந்து நல்லாத் தெரியுது" என்றாள். "தச்சுக் குடுத்தா எவ்வளவு நேரம் தருவீங்க?"