மூன்றாம் வரிசையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம்

வெர்னல் ஹக்கபிக்குத் தெரியாத கோளாறு உலகத்திலேயே கிடையாது. வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, மனைவி ஓலீட்டாவோடு ஒரு வண்டிவீட்டில் ஏறி, டெக்ஸஸில் வண்டிவீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் ஓர் ஏரிக்கரை முகாமில் வந்து நிலைத்துவிட்டார். வாடகை கிடையாது. பதிலுக்கு மூன்றாம் வரிசைக் கழிப்பறையைக் கழுவணும், கரண்ட் தகராறு வந்தால் பார்க்கணும்.

பார்ப்பார். எப்போது? காலை ஏழு மணிக்கு, ஏரிக்காற்று ஜிலுஜிலு என்று வீசும்போது! பிளக் பெட்டியில் மீட்டரைச் சொருகி, "நூத்தி இருபத்தொண்ணு வோல்ட்! இங்க நூத்தி இருபது வந்தாலே போதும். எங்க கரண்ட் தங்கம். உங்க வண்டிதான் ஓட்டை" என்று புகார் சொன்னவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, அவருடைய ஏசியே உறுமிவிட்டு நின்றுபோனது.

ஓலீட்டாவுக்கு நுரையீரல் சரியில்லை. வெக்கை ஏறினால் மூச்சு இழுக்கும். ஊருக்குள் கூட்டிப்போகலாம் என்றால், டிரக்கை வெர்னல் தானே ரிப்பேர் பார்த்திருந்தார், அதனால் அது பட்டறையில் கிடந்தது. அக்கம்பக்கத்தில் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள்தான். ஆனால் எல்லார் வண்டியிலும் நாய். நாய் முடி பட்டால் அவளுக்கு இன்னும் மோசம்.

ஏசி நின்றால் அந்த முகாமில் திருவிழா. பதினோரு ஆம்பளைகள் மடக்கு நாற்காலியும் பீருமாக வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"கண்டென்சர் போயிருக்கும்."

"எலி ஒயரைக் கடிச்சிருக்கும்யா."

"ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பாரேன்!"

வெர்னல் கூரைமேல் ஏறி ஏசியைப் பிரித்துப்போட்டு ஒரு மணி நேரம் வெந்தார். கீழே மர நிழலில், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓலீட்டா இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

"நீங்க எல்லாரும் இங்க இருக்கீங்க. உங்க வண்டியில ஏசி யாருக்கு ஓடுது?" என்று கேட்டாள்.

"நாய்க்கு," என்றார் பக்கத்து வண்டி லாயல் பிக்ஸ்பி.

"எத்தனை ஏசி?"

"ரெண்டு. எல்லார் வண்டியிலயும் அப்படித்தான்."

வெர்னல் இறங்கிவந்து மீட்டரைச் சொருகினார். மத்தியானத்தில் அவர் அதைத் தொட்டது அன்றைக்குத்தான். நூற்றியொன்று! கோளாறு ஏசியில் இல்லை; வரிசை முழுக்க ஏசிகள் சேர்ந்து இழுத்ததில் கரண்ட்தான் வற்றியிருந்தது. பிரித்த ஏசியை அவசரமாக மாட்டிவிட்டு வந்தார்.

"ஆளுக்கு ஒரு ஏசியை அணைங்கப்பா. பொழுது சாயற வரைக்கும் போதும்."

அதுவரை வாய் ஓயாத பதினோரு பேருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. ஒருத்தருக்கு அடுப்பில் கறி தீய்கிறதாம். இன்னொருத்தருக்கு போன் வருகிறதாம். பிக்ஸ்பி ஓலீட்டாவின் தோளைத் தட்டி, "உங்களுக்காகப் பிரார்த்தனை பண்றோம்மா" என்றுவிட்டு நாற்காலியை மடக்கினார். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

வெர்னலுக்கு ரத்தம் கொதித்தது. வரிசைக் கடைசியில் இருந்த மெயின் பெட்டியின் சாவி அவரிடம்தான். திறந்தார், மெயினை இறக்கினார். வரிசை முழுக்க ஏசி சத்தம் அடங்கியது. கதவுகள் படபடவென்று திறந்தன.

"யோவ் வெர்னல், கரண்ட் போச்சு!"

"போகல. நான்தான் அணைச்சேன். எல்லாரும் ஆளுக்கு ஒண்ணை நிறுத்திட்டு வந்து சொல்லுங்க, போடறேன்."

"முகாம் முதலாளிகிட்ட சொன்னா உனக்கு இங்க இடமே இருக்காது, தெரியும்ல?" பிக்ஸ்பி கத்தினார். "உள்ள என் நாய் இருக்குய்யா! வெக்கையில செத்துப்போகும்!"

"அது உனக்குத் தெரியுது இல்ல?" என்றார் வெர்னல்.

பிக்ஸ்பி உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் பதினோரு பேரும் வந்து முறைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். மெயினை ஏற்றினார். மீட்டர் நூற்றுப் பதினைந்து காட்டியது, ஏசியும் ஓடியது.

ஐந்தரை மணிக்கு முதலாளி போன் பண்ணினார். திங்கட்கிழமைக்குள் இடத்தைக் காலி பண்ணணுமாம். "சரிங்க" என்று வைத்துவிட்டு வெர்னல் திரும்பிப் பார்த்தார். ஓலீட்டா குளிருக்குப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுப்பவில்லை.