இடப்பக்கச் சத்தம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயப்படுவேன், அது வேறு. பயப்படுவதற்கு எனக்குப் பேய் தேவையில்லை, தண்ணீர் பில் போதும். ஆனால் நம்பியது கிடையாது. இப்போதாவது நம்புகிறேனா என்று கேட்டால் நேராகப் பதில் வராது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாத்தளை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு வாய்த்த ஒரே தொழில். கேமராவில் சத்தம் வலது, இடது என்று இரண்டு பக்கமாகப் பதியும். என்னிடம் இருப்பது ஒரே மைக். அதை வலப்பக்கத் துளையில் சொருகுவேன், இடப்பக்கம் வெறுமனே கிடக்கும். எடிட்டில் இடப்பக்கத்தை அழித்துவிட்டு, வலப்பக்கத்தையே இரண்டு காதுக்கும் போட்டுவிடுவேன். பல வருஷமாக இப்படித்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எடிட் பண்ணும்போது இடது காதில் ஸ்ஸ் என்று ஒரு இரைச்சல் தொடங்கியது. காது போய்விட்டால் நான் என்ன செய்வது? இரவெல்லாம் அதே யோசனை. டாக்டர் பார்த்துவிட்டு காது சுத்தமாக இருக்கிறது என்றார். வேறு யாராக இருந்தாலும் நிம்மதி வந்திருக்கும். எனக்கு, காது நல்லது என்றால் அப்போது மூளையில்தான் கோளாறு என்று தோன்றியது. என் தங்கச்சி வசந்தி, "அண்ணே, ஒனக்கு காது இரையல, மனசுதான் இரையுது" என்று சிரித்தாள்.

கீழே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரிபாஸிடம் ஒருநாள் சொன்னேன். அவன் மேலே வந்து, "ஹெட்போன திருப்பிப் போடு மச்சான்" என்றான். இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் போட்டேன். இரைச்சல் வலது காதுக்குப் போய்விட்டது.

"ஒன்ட காதுக்கு ஒன்டுமில்ல. லெப்டொப்ட காதுதான் பழுது. மூணு மாசமா இத ஒரு தரம் திருப்பிப் போட்டுப் பாக்கல்லயா நீ?"

லெப்டொப்பின் ஹெட்போன் துளைக்குள் மின்சார இரைச்சல் கலக்கிறதாம், அதை விட்டுவிட்டு வெளியிலிருந்து சத்தத்தை மாற்றித்தர ஒரு கன்வேட்டர் போட வேண்டுமாம். தீப்பெட்டி அளவு இருந்தது. ஒரு முனை லெப்டொப்பின் யூஎஸ்பியில், மறுமுனையில் ஹெட்போன். மாட்டியதும் அப்படி ஒரு அமைதி! மேளத்துக்குப் பின்னால் யாரோ இருமுவதும், ஐயர் கையில் மணி உரசுவதும் தனித்தனியாகக் கேட்டன. அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பத்து, பத்தரை இருக்கும். நல்ல வெயில், கீழே பஸ்காரன் கண்டி, கண்டி என்று கத்திக்கொண்டிருந்தான். பேய்க்கதைக்கான நேரமே இல்லை. ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் எடுத்த கல்யாணம், பெண்ணின் பெயர் கோமதி. வழக்கம்போல இடப்பக்கத்தை அழிக்கப் போனேன். இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அதை மட்டும் தனியாக ஓடவிட்டேன். ஒன்றுமே இல்லை. தாலி கட்டும் இடம் வந்தது. திரையில் கெட்டிமேளம், காதில் துளி மேளம் இல்லை. அந்த அமைதிக்குள்ளே, ஒரு பெண் குரல், பக்கத்தில் நின்று சொல்வதுபோல:

"தலைய நிமித்து புள்ள."

திரையில் கோமதி தலையை நிமிர்த்தினாள்.

திரும்ப ஓடவிட்டேன். திரும்பவும் அதே குரல். ஹெட்போனைத் திருப்பிப் போட்டேன், குரல் வலது காதுக்கு வந்தது. வலப்பக்கத்தைக் கேட்டேன், அதில் மேளம் மட்டும்தான். கேமராவை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கத் துளையின் ரப்பர் மூடியை நான் ஒருநாளும் கழற்றியதில்லை, அதன்மேல் தூசி அப்படியே இருந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பேய்ப் பயம் வரவில்லை. பழைய பயம்தான் வந்தது. சரி, மூளைதான். ரிபாஸைக் கூப்பிட்டால் தெரிந்துவிடும், ஆனால் அவனுக்குக் கேட்காவிட்டால்? அதனால் கூப்பிடவில்லை.

பின்னேரம் வீடியோவைப் பார்க்க கோமதியே வந்தாள். புருஷன் கீழே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தான். குரல் விஷயத்தை நான் எடுக்கவில்லை. அவள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. தாலி கட்டுறப்ப நீங்கதானே தலைய நிமித்தச் சொன்னீங்க?"

பொண்ணுகள் குனிந்தால் முகம் படத்தில் விழாது, அதனால் அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

"நான் சொன்னா நிமித்துங்க தங்கச்சின்னுதான்மா சொல்லுவேன்."

"இல்லண்ணே, புள்ளன்னு கேட்டுச்சு. மேளச் சத்தத்துல ஆம்பளயா பொம்பளயான்னு தெரியல. பழக்கமில்லாத ஆளு புள்ளங்குறாரேன்னு எனக்கு கோவம்கூட வந்துச்சு."

ஹெட்போனை அவளிடம் கொடுத்து ஓடவிட்டேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்த இடம் வந்தது. திரையில் இருந்தவளைப் போலவே இவளும் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

"எங்கம்மா" என்றாள். "கொழுந்து எடுக்கப் போறப்ப இப்புடித்தான் சொல்லும். கூன் விழுந்துரும், நிமித்து புள்ளன்னு."

அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துவிட்டாராம். அவள் அழுதாள். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரிப்பு வந்தது. அவளுக்கும் கேட்கிறது! காதும் நல்லது, மூளையும் நல்லது. மூன்று மாதப் பாரம் மாடிப்படி இறங்கிப் போனதுபோல இருந்தது.

"அத மட்டும் அழிச்சிராதீங்கண்ணே" என்றாள். அழிக்கவில்லை, தனியாக பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்தேன். ரிபாஸும் கேட்டான். "எங்கயோ ரேடியோ அலை ஏறியீக்கும் மச்சான்" என்றான். ஆனால் இரண்டாம் தரம் கேட்க மாட்டேன் என்றுவிட்டான்.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். இடப்பக்கத்தை முழுதாகக் கேட்காமல் அழிப்பதில்லை. அதற்குப் பிறகு எதிலும் ஒன்றும் கேட்கவில்லை, அமைதிதான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இதுவரை எத்தனை கல்யாணத்தின் இடப்பக்கத்தை அழித்திருப்பேன்? வசந்தி கல்யாணத்தை எடுத்ததும் நான்தான், அப்பா செத்து ஆறாம் மாதம். அந்த வீடியோவில் தாலி ஏறும்போது அவள் சட்டென்று இடப்பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். அந்தப் பக்கம் கோயில் தூணைத் தவிர ஒன்றுமில்லை. எதற்குச் சிரித்தாய் என்று இன்னும் அவளிடம் நான் கேட்கவில்லை.