தருமலிங்கமும் பத்துக் கிலோ அரிசியும்

தருமலிங்கம் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. குப்பைத் தொட்டி விஷயமாகக் கவுன்சிலுக்கு நான்காவது முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் சுதா போனில், "அங்கிள், அப்பா விடிய மோசம் போயிட்டார்," என்றாள். "என்ன விசர்க் கதை! நேற்றுப் பின்னேரம் நான் ஆசுப்பத்திரிக்கு வரேக்கை என்னோட சண்டை பிடிச்சவரெல்லோ?" என்று அவளை அதட்டினேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. கடிதத்தை எழுதி முடித்துவிட்டே சட்டை மாற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தகன மண்டபத்தில் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். ஒருவர், "அன்னார் பால்கன் நாடுகளைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்தவர்" என்று தாளில் இருந்து வாசித்தார். அன்னார் சுற்றிப் பார்க்கவும் இல்லை, மகிழவும் இல்லை. கூடப் போன ஒரே ஆள் நான். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, "அப்பாவைப் பற்றி நல்லதா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ அங்கிள்" என்று சுதா கேட்டபோது, உள்ளதை எழுதுவேன், ஒரு வரியும் வெட்டக் கூடாது என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நூலகங்களில் நானாகப் படித்தது. அலங்காரம் வராது.

அவரை எனக்குத் தெரிய வந்தது பாண் சுடுகிற தொழிற்சாலையில். சில வருடம் சுவிஸில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். என்னைவிட ஆறு வயது இளையவர். எங்கள் ஷிப்டில் எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மாட்டார். "நீங்கள் சாப்பிடுங்கோ அண்ணை, நான் பிறகு." இடைவேளை இருபது நிமிடம். யாராவது ஒருவர் மெதுவாகச் சவைத்துக்கொண்டிருந்தால் இவரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மணி அடித்துவிடும். திறக்காத பெட்டியோடு இயந்திரத்தடிக்குத் திரும்புவார். பிறகு தலை சுற்றுகிறது என்று மாவு மூட்டையில் உட்கார்ந்துவிடுவார். அவருடைய பாண் தட்டுகளையும் நான்தான் இழுக்க வேண்டும். "நீர் என்ன, இஞ்ச கலியாணவீட்டுப் பந்தியே நடத்துறீர்?" என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். சிரிப்பார். காரணம் சொல்ல மாட்டார். மண்டபத்தில் பேசியவர்கள் பொறுமை என்றது இதைத்தான் போலும். நான் இதைப் பிடிவாதம் என்பேன்.

2003ஆம் ஆண்டு அவர் திடீரென்று, "மசிடோனியாவுக்கு ஒரு ரூர் போவமே அண்ணை?" என்று கேட்டார். நான் என் வாழ்நாளில் சுற்றுலா என்று எங்கும் போனதில்லை. ரெய்னர்ஸ் லேன் நூலகத்தில் அந்த நாட்டைப் பற்றி இருந்த ஒரே புத்தகத்தை மூன்று தரம் புதுப்பித்துப் படித்தேன். நாடு முழுக்க மலை. மசிடோனியர், அல்பேனியர், துருக்கியர், செர்பியர், ரோமா மக்கள் என்று பலரும் வாழ்கிற இடம். தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கும். தெற்கே ஒஹ்ரித் என்று ஒரு ஏரி. அதன் கரையில், பழைய ஓவியங்கள் உள்ள கோயில்கள். பார்க்க வேண்டிய பதினான்கு இடங்களை நாள்வாரியாக எழுதி அவரிடம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதை அவர் விரித்துப் பார்த்ததை நான் காணவில்லை.

அவர் விமான ரிக்கற் எடுத்தது கந்தசஷ்டி வாரத்துக்கு. ஆறு நாளும் பகலில் ஒன்றும் சாப்பிடாமல், பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும் மட்டும் எடுக்கிற மனிதர். "விரதத்தோட மலை ஏறுவீரே? நாளை மாத்தும்," என்றேன். "முருகன் மலையிலதானே அண்ணை இருக்கிறவர். சும்மா வாங்கோ." இந்த 'சும்மா வாங்கோ' என்ற சொல்லால் அவர் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்ட இடங்கள் பல. எனக்கு விரதம், கோயில் ஒன்றும் கிடையாது. ஆனால் விரதகாரனோடு பயணம் போகிறவனுக்கும் பாதி விரதம்தான்.

தலைநகர் ஸ்கோப்யே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அவருடைய பெட்டியைத் திறந்தார். உள்ளே பத்துக் கிலோ சம்பா அரிசி, இரண்டு கிலோ பருப்பு, சீனி, தேயிலை. உடுப்பு ஒன்றும் இல்லை. அவருடைய உடுப்புகள் என் பெட்டியில் இருந்தன. 'இடமில்லை அண்ணை' என்று சொல்லி முதல் நாளே திணித்துவிட்டார். "எங்கள் நாட்டில் அரிசி விளையாது என்று யார் உங்களுக்குச் சொன்னது?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். தருமலிங்கம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு எங்களைப் போக விட்டார்.

நகரத்தில் கல்லாலான பழைய பாலத்தையும் கடைத்தெருவையும் பார்க்க எனக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தது. அடுத்த நாள் காலை ஏரிக்குப் போகிற பஸ் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தேன். அது மேற்கே கோஸ்திவார் என்ற ஊருக்குப் போகிற பஸ். பாதி வழியில் பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படித்துவிட்டுக் கத்தினேன். முன்னால் இருந்த மனிசி திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் தருமலிங்கம் வாயைத் திறந்தார்.

1991 பங்குனியில், ஐரோப்பாவுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரையும் வேறு மூவரையும் ஒரு லொறியில் கொண்டுவந்து பனி மலையில் இறக்கி, "இதுதான் இத்தாலி, கீழே இறங்கினால் ஊர்," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மற்றவர்கள் ஒரு பக்கம் போக, காய்ச்சலோடு பின்தங்கிய இவரை ஒரு வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். புருஷன், மனைவி, வயதான தாய். பாஷை தெரியாது. காலையும் மத்தியானமும் இவருக்குச் சூப்பும் பாணும் அவரைக்கொட்டையும் வைத்துவிட்டு, மூன்று பேரும் ஒன்றும் தொடாமல் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். பொழுதுபடக் காய்ச்சல் ஏறி இவர் நினைவு தப்பிப் படுத்துவிடுவார். ஐந்து நாள் இப்படி.

"வீட்டில இருந்த சாப்பாட்டை எனக்குத் தந்திட்டு அந்தச் சனம் பட்டினி கிடந்தது அண்ணை. நான் இருந்தால் அவை சாகப் போகினம் எண்டு, ஆறாம் நாள் விடிய ஒருத்தருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டிட்டன். ஒரு பாண் வான்காரன் ஏத்திக்கொண்டு போய் கோஸ்திவாரில விட்டான். அங்கதான் தெரியும் இது இத்தாலி இல்லை எண்டு."

பெட்டியில் இருந்த அரிசி அதற்குத்தான். "இதை லண்டனில சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டன்," என்றேன். "அதுதான் சொல்லேல்லை," என்றார். நான் படித்த புத்தகம் முழுவதும் என் தலையில் இருந்தது. அந்த நேரம் அதைக் கொஞ்சம் புரட்டியிருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். கோபத்தில் மூளை வேலை செய்யவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கோஸ்திவாரில் பெசிம் என்ற டாக்சிக்காரர் அகப்பட்டார். ஜெர்மனியில் வேலை செய்தவர். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். "எந்த வீடு? மசிடோனியரா, அல்பேனியரா, துருக்கியரா?" என்று கேட்டார். தருமலிங்கம் யோசித்துவிட்டு, "நல்ல சனம்," என்றார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. பெசிம் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இங்கே எல்லோரும் தங்களைப் பற்றி அதைத்தான் சொல்கிறார்கள், ஐயா." மூன்று மலைக் கிராமம் ஏறினோம். இரண்டில், வீடு இதுவல்ல. ஒவ்வொரு தரமும் பெட்டியை இறக்கி ஏற்றியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, விரதகாரருக்கு ஏலாது.

மூன்றாவது கிராமத்துக்கு மேலே, தனித்திருந்த ஒரு வீட்டின் கல் படிகளைக் கண்டதும் தருமலிங்கம் வண்டி நிற்க முன்னமே இறங்கிவிட்டார். வாசலில் தலைக்குத் துணி கட்டிய ஒரு மூதாட்டி மிளகாய் கோத்துக்கொண்டிருந்தார். இவரை நிமிர்ந்து பார்த்தார். மிளகாய் கீழே விழுந்தது. பெசிமைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இவர் சாகவில்லையா என்று கேட்கிறார்," என்றார் பெசிம்.

மூதாட்டி எங்களை உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். அவர் பெயர் ஸைனெப், அந்த நாளில் தருமலிங்கத்துக்குச் சூப் வைத்த மனைவி. சூப்பும் பாணும் அவரைக்கொட்டையும் மேசைக்கு வந்தன. எங்களுக்கு மட்டும்தான். அந்த அம்மாவும், 1991இல் வெளியூரில் இருந்த அவருடைய மகனும், பெசிமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். தருமலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. "பாத்தீங்களே அண்ணை, இன்னும் அதே பஞ்சம். பெட்டியைத் திறவுங்கோ!" அப்போதுதான் சுவரில் அரபு எழுத்து எழுதிய தட்டு என் கண்ணில் பட்டது. பெசிம் காலையில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்காததும் நினைவுக்கு வந்தது.

"தருமு, இது பஞ்சமில்லை. நோன்பு. இவை முஸ்லிம் சனம்."

"வெள்ளைக்காரரெல்லோ?"

"வெள்ளைக்காரர் எண்டால்?"

"வெள்ளைக்காரர் எல்லாரும் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற சனம் எண்டுதானே அண்ணை..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஊரில் இவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி முஸ்லிம் கடைகள் இருந்தன. நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்த மனிதர். ஒரு வீட்டையே பட்டினி போட்டவன் என்று நினைத்துப் பன்னிரண்டு வருடம் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்தவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

ஏன் போனீர் என்று அந்த அம்மா கேட்க, பெசிம் காரணத்தைச் சொன்னார். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எழும்பி நின்று ஏசத் தொடங்கினார். பெசிம் முடிந்தவரை மொழிபெயர்த்தார். "இவருடைய புருஷன் நோன்போடு இரண்டு நாள் பனியில் உங்களைத் தேடினார். கால் விரல் விறைத்து ஒன்றை வெட்ட வேண்டி வந்தது. பனி உருகிய பிறகு மலை முழுக்க உங்கள் உடம்பைத் தேடினார்கள். அடைக்கலம் வந்தவனை நாங்கள் சாகவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே போன வருடம் அவர் கண்ணை மூடினார்." பிறகு ஒரு நீண்ட வசனம். பெசிம் தயங்கினார். "இது வேண்டாம் ஐயா. இது பெரிய கெட்ட வார்த்தை."

தருமலிங்கம் எழும்பி நின்று எல்லாவற்றையும் கேட்டார். நன்மை செய்வதாக நினைத்து ஒருவருக்கும் சொல்லாமல் போனவர், தன்னைவிடப் பெரிய பாரத்தை அந்த வீட்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். செத்துப்போன அந்த மனிதரிடம் சொல்ல இனி வழியில்லை. "பெசிம், அண்டைக்கு நான் சாப்பிட்டன், உயிரோட இருக்கிறன், அவரால்தான் எண்டு சொல்லும்," என்றார். அதை நான் பெசிமுக்குச் சொல்லும்போது என் ஆங்கிலம் தடுமாறியது.

அந்த அம்மா களைத்துப் போய் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து அரிசியைக் காட்டினோம். அதற்கும் ஏச்சு விழுந்தது. ஆனாலும் பொழுதுபடுமுன் அதில் ஒரு சுண்டு அளந்து எடுத்து வெண்ணெய் போட்டுச் சமைத்தார். பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கீழே இருந்து வந்ததும் அவர்கள் தண்ணீர் குடித்தார்கள். தருமலிங்கம் சுடுபாலும் ஒரு அப்பிளும் எடுத்தார். சஷ்டியில் சோறு தொட மாட்டார். ஏனாம் என்று அந்த அம்மா கேட்டார். இவருக்கும் நோன்பு என்று பெசிம் சொன்னபோதுதான் அன்று முதல் தரம் அவர் சிரித்தார். மத்தியானச் சூப்பும் இரவுச் சோறும் சாப்பிட்டு அந்த வீட்டு மரியாதையைக் காப்பாற்றியவன் நான் ஒருவன்தான். பதினான்கு இடங்களில் ஒன்றரை இடம் பார்த்துவிட்டு லண்டன் வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு தொழிற்சாலையில் தருமலிங்கம் எல்லோரையும் போல இருபது நிமிடத்துக்குள் சாப்பிட்டார். ஒவ்வொரு வருடமும் நோன்பின் முதல் நாள் அந்த வீட்டுக்குப் போன் எடுப்பார். அவருக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. அங்கே அந்த அம்மா ஐந்து நிமிடம் கதைப்பார். இவர் "ஓம் அம்மா, ஓம், ஓம்" என்பார். "என்ன விளங்கிச்சுது உமக்கு?" என்று கேட்டால், "ஏசுறா அண்ணை. சுகமாத்தான் இருக்கிறா," என்பார்.

கடைசி நாள் ஆசுப்பத்திரியில் எங்களுக்குள் நடந்த சண்டையும் இதைப் பற்றியதுதான். ஒரு நம்பர் எழுதிய துண்டைத் தந்து, "எனக்கு ஏதும் எண்டால் அவவுக்குச் சொல்லவேணும். இன்னொருக்காச் சொல்லாமல் போகக் கூடாது," என்றார். விசர்க் கதை கதைக்காதையும் என்று ஏசிவிட்டு வந்தேன். அடுத்த நாள் சுதாவின் போன்.

ரெய்னர்ஸ் லேனில் கார் கழுவுகிற இடத்தில் கொசோவோவைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார், அந்த அம்மாவின் மொழி அவருக்குத் தெரியும். நான் கார் வைத்திருப்பவன் அல்ல. கழுவக் கார் இல்லாமல் வந்திருக்கிறேன் என்பதை அவர் நம்புவதற்கே கொஞ்ச நேரம் எடுத்தது. அவரைக்கொண்டு அந்த அம்மாவுக்குச் செய்தி சொன்னேன். பிறகு, கதைப்பது யார் என்று கேட்டாராம். அன்றைக்குச் சோறு சாப்பிட்டவர் என்று சொல்லச் சொன்னேன். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அழுதார், நிறையக் கதைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.

தருமலிங்கத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நம்பரை மட்டும்தான். இந்த வருடம் நோன்பு புரட்டாதியை ஒட்டி வருகிறது. முதல் நாள் நான் போன் எடுப்பேன். அந்த அம்மா எதைச் சொன்னாலும் ஓம் சொல்ல வேண்டும். யாருக்கும் ஓம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இப்போதிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன்.