கிட்டார் வாசிக்கும் மாப்பிள்ளை

எனக்குப் பெண் பார்த்தபோது ஒரு பொய் சொல்லப்பட்டது. சொன்னது நானில்லை, என் சின்னம்மா. ஆனால் நான் மறுக்கவில்லை என்பதால் அது என் கணக்கில்தான் சேரும்.

பெண் வீடு ராசிபுரம். காபி வந்து, காராச்சேவு வந்து, பேச்சு ஓய்ந்திருந்த நேரத்தில் பெண்ணின் அப்பா கொஞ்சம் தயங்கி, "தம்பிக்கு வேற பழக்கமெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது பீடி, சிகரெட், குடி பற்றி. சின்னம்மாவுக்கு அது வேறு மாதிரி விளங்கிவிட்டது.

"எங்க பையன் கிட்டார் வாசிப்பானுங்க. இங்கிலீசுப் பாட்டெல்லாம் வாசிப்பான்" என்றார் பெருமையாக.

சின்னம்மா அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம். சேலத்தில் டிப்ளமோ படித்தபோது, விடுதியில் அறைத்தோழனின் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வாசிப்பதுபோல் பாவனை செய்து எடுத்துக்கொண்ட படம். அழுத்துவது எந்தக் கை, தட்டுவது எந்தக் கை என்றுகூட எனக்குத் தெரியாது. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்த பெண் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணமான புதிதில் அவள் கேட்பாள். "கிட்டாரு எங்கீங்க?" என்பாள். நண்பன் வாங்கிப் போயிருக்கிறான் என்பேன். பிறகு தந்தி அறுந்துவிட்டது என்றேன். பிறகு குமாரபாளையத்தில் நான் விசைத்தறி உதிரிபாகக் கடை போட்டேன்; மகள் பிறந்தாள்; மனைவி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். கேட்பது நின்றுவிட்டது. நான் தப்பித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பதினேழு வருடம் கழித்து அந்தக் கிட்டார் வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

என் மனைவியின் தம்பி பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். ஜெர்மனிக்கு மாற்றல் கிடைத்து வீட்டைக் காலி செய்தபோது, ஒரு மிக்ஸி, இரண்டு டேபிள் ஃபேன், ஒரு புத்தக அலமாரி ஆகியவற்றோடு கறுப்பு உறை போட்ட ஒரு கிட்டாரையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான்.

"ஆசைக்கு வாங்கினேன் மச்சான், தொடர்ந்து பழக நேரமில்ல. வாசிக்கத் தெரிஞ்ச உங்ககிட்ட இருக்கட்டும்" என்றான்.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகளும் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் உறையைப் பிரித்து, ஒரு தந்தியைச் சுண்டி, முகத்தைச் சுளித்தேன்.

"சுருதி கலைஞ்சு கெடக்குது. தந்தியெல்லாம் பழசு. சரி பண்ணோணும்."

"எத்தன நாளாகுமுங்க?" என்றாள் மனைவி.

"ஆகும்" என்றேன்.

மறுநாளே கிட்டார் கடைக்குப் போய்விட்டது. கடைக்கு மாடியில் ஒரு சரக்கறை உண்டு. பெல்ட் சுருள்களுக்கும் பல்சக்கரப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு, போனை ஒரு கிரீஸ் டப்பாவில் சாய்த்துவைத்து, 'முதல் நாள் கிட்டார்' என்று தேடினேன். சுற்றிலும் தறிகள் ஓடும் தெரு அது. பகலில் யார் வாசித்தாலும் யாருக்கும் கேட்காது. பொய்யை மறைத்துக் கற்றுக்கொள்ள அதைவிடத் தோதான இடம் வேறு கிடையாது.

ஆயிரம் பேர் கற்றுக்கொடுத்தார்கள். நான் பிடித்துக்கொண்டது ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை. அறுபது வயதிருக்கும். நரைத்த தாடி, தலையில் சாயம் போன ஒரு தொப்பி. பின்னால் சோபாவில் ஒரு நாய் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாமே ஐம்பது வருடத்துக்கு முந்தைய ராக் பாட்டுகள். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இசை ஆர்வம் ஒன்றுமில்லை. சினிமாப் பாட்டை வாசித்தால் எந்த இடத்தில் தப்பினேன் என்று என் மாமியாருக்குக்கூடத் தெரிந்துவிடும். இந்தப் பாட்டுகளை எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கேட்டதில்லை. தப்பாக வாசித்தாலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

அவர் பேசும் வேகத்துக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. அதனால் வீடியோவின் வேகத்தை முக்காலாகக் குறைத்துவைத்தேன். அப்போது அவர் இரண்டு குவாட்டர் போட்டவர் மாதிரிப் பேசுவார். ஆனால் விரல்கள் தெளிவாகத் தெரியும். ஒரு பகுதி வாசிப்பார், நிறுத்துவார், தொப்பியை லேசாகத் தூக்கி மறுபடி வைப்பார், "ஓகே" என்று தலையாட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். நானும் வாசித்து, நிறுத்தி, அவரோடு சேர்ந்து தலையாட்டிப் பழகினேன்.

முதல் மாதம் முழுக்க வலிதான். இடதுகை விரல்நுனியில் தந்தி கோடு கிழித்தது. சாப்பிடும்போது சோற்றை வலதுகையால் பிசைந்தாலும் இடதுகை பின்னால் ஒளிந்துகொள்ளும். மனைவி பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். "ஸ்பிரிங் குத்திருச்சு" என்றேன்.

கடையில் என்னோடு வேலை செய்யும் பெண்மணிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. பன்னிரண்டு வருடம் தறி ஓட்டிவிட்டு எங்கள் கடைக்கு வந்தவர். எந்தக் கம்பெனித் தறிக்கு எந்த போல்ட் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒருநாள் தந்தியைத் தட்டும் பிளாஸ்டிக் சில்லு எங்கோ விழுந்துவிட, "ஏம்மா, பிக் ஒண்ணு கெடந்தா மேல எடுத்தாங்க" என்று குரல் கொடுத்தேன். அவர் தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாக்கட்டையை அடித்துத் தள்ளும் பிக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளங்கை நீளத் தோல்கட்டை. அதையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல அடிச்சா ஒடைஞ்சுருமேங்ணா" என்றார் கவலையாக.

அன்றிலிருந்து அவரிடம் ஒளிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. கூட்டமில்லாத மதியங்களில் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்பார். பாட்டு பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. தாளம் பற்றி உண்டு.

"அண்ணா, நாலாவது அடி தள்ளி விழுவுது."

"எங்க?"

"அந்த வெரலு மாத்தறீங்கல்ல, அங்க. ஒரு தறி இப்படி ஓடுச்சுன்னா நாங்க நிறுத்திருவோம்."

அவர் சொன்னது சரி. விரல்பிடி மாற்றும் இடத்தில் எல்லாம் அரை நொடி நின்றுதான் கிளம்பினேன். அவர் படிக்கட்டில் விரலால் தட்ட, நான் வாசிக்க, இரண்டு மாதத்தில் அந்த நொண்டல் ஓரளவுக்குச் சரியானது. தொப்பிக்காரர் சொல்லாமல் விட்டதை அவர் சொல்லிக்கொடுத்தார் என்றே சொல்லவேண்டும்.

இதற்கிடையில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. தொப்பிக்காரரிடம் நான் பழகிக்கொண்டிருந்த பாட்டு எனக்குப் பிடித்துப் போனது. மெல்ல, மழைத்தூறல் மாதிரித் தொடங்கி, போகப்போக வலுக்கும் பாட்டு. பவானிப் பக்கம் வசூலுக்குப் போகும்போது பாலத்தின் மேல் பைக்கில் அதை முனகிக்கொண்டு போவேன். சரக்கு வர நேரமானால் முன்பு எரிச்சல் வரும். இப்போது நல்லதாய்ப் போயிற்று என்று மாடியேறினேன். பொய்யை மெய்யாக்கத் தொடங்கியது, எப்போது ஆசையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

ஆடிப்பெருக்குக்கு மைத்துனன் ஜெர்மனியிலிருந்து விடுமுறையில் வந்தான். ராசிபுரத்திலிருந்து மாமனார், மாமியாரும் வந்தார்கள். காலையில் ஆற்றுக்குப் போய்விட்டு வந்து, தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் முடிந்து, எல்லோரும் ஹாலில் சாய்ந்திருந்தபோது மைத்துனன் ஆரம்பித்தான்.

"மச்சான், சுருதி சேந்துருச்சா இல்லியா?"

நான் அதற்காகவே காத்திருந்தேன். முந்தின நாளே கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். உறையைப் பிரித்து, காலை மடித்து உட்கார்ந்து, தொடங்கினேன்.

நன்றாகவே வந்தது. நானே ஆச்சரியப்படும் அளவுக்கு வந்தது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். மாமியார் கையிலிருந்த விசிறி நின்றது. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்த்த அன்று நிமிர்ந்தாளே, அதே முகம். முதல் பகுதி முடிந்து, ஒரு நொடி நிறுத்தி, இரண்டாவதைத் தொடங்கினேன். அது முடிந்ததும் நிறுத்தி, மூன்றாவதைத் தொடங்கப் போனேன்.

மைத்துனன் பக்கென்று சிரித்துவிட்டான்.

"மச்சான், இது அந்தத் தொப்பிக்காரர் வீடியோதான? நாய் தூங்கிட்டு இருக்குமே!"

என் கை தந்தியிலேயே நின்றது.

"அவரு நிறுத்தற எடத்துலெல்லாம் நீங்களும் நிறுத்தறீங்க. தலைய வேற ஆட்டறீங்க. அந்தப் பாட்டுல அங்க நிறுத்தமே கெடையாது மச்சான். நானும் அவருகிட்டத்தான் ஆரம்பிச்சேன், நாலாவது பாடத்தோட ஓடிட்டேன்." சிரிப்பு அடங்கியதும் அவனே புருவத்தைச் சுருக்கினான். "ஆனா அது தொடக்கக்காரங்களுக்கான பாடமாச்சே. உங்களுக்கு எதுக்கு?"

சமாளித்திருக்கலாம். ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். பதினேழு வருடமாகச் சமாளித்த வாய்க்கு அன்றைக்கு அலுத்துவிட்டது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது மாப்ள. எப்பவுமே தெரியாது. ஏழு மாசமாத்தான் கத்துக்கறேன்" என்றேன். புகைப்படக் கதையையும் சொன்னேன்.

மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "குடிக்கறதில்லைங்கறதாச்சும் நெசந்தானுங்களா மாப்ள?" என்று கேட்டார். மகள் சோபாவில் உருண்டாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தயிர்ச்சாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள், சொந்தங்கள் எல்லாம் கிளம்பிப் போனபின், மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"தப்புதான். அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

"கிட்டார் தெரியாததுக்கு எனக்கென்னங்க கோவம்?" என்றாள் துணியை மடித்தபடியே. "கட்டிட்டு வந்து, கடை, புள்ளைனு ஆகி, உங்க வாசிப்ப நாந்தான் நிறுத்திப் போட்டனோன்னு நெனச்சுட்டு இருந்தேன். இத்தன வருசமா. அதனாலதான் கேக்கறதையே விட்டேன். கேட்டா உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு."

அவள் கேட்காமல் விட்டதை நான் என் சாமர்த்தியம் என்றல்லவா எண்ணியிருந்தேன். அந்தப் பக்கத்துத் துணிகளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"இனிமேலு கடையில ஒளிஞ்சுட்டு வாசிக்க வேண்டாம். ஊட்டுலயே வாசிங்க" என்றாள். "இன்னொண்ணு. எங்க பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் எங்கூட்டுக்காரரு கிட்டார் வாசிப்பாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்ககிட்ட தெரியாதுன்னு நீங்களே வாயைத் தொறந்து சொல்லோணும்."

சரி என்றேன்.

அடுத்த மாதம் அவளோடு வேலை செய்யும் தமிழ் டீச்சர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தி முடிந்து கைகழுவி வந்தால், டீச்சர்கள் எல்லாம் ஒரு வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "வாங்க சார், நீங்க கிட்டார் வாசிப்பீங்கல்ல?" என்றார். மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"இல்லீங்க மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இப்பத்தான் வீடியோ பாத்து ஆனா ஆவன்னா கத்துக்கறேன்" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி.

தமிழ் டீச்சர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம்? நெறகுடம் தளும்பாதுங்கறது இதுதான்."

"இல்லீங்க, நெசமாலுமே..." என்று நான் இழுக்க இழுக்க அவர்கள் என் அடக்கத்தை மெச்சிக்கொண்டே போனார்கள். விரலைக் காட்டச் சொன்னார்கள். காய்த்துப்போன நுனிகளைப் பார்த்ததும் பேச்சே முடிந்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு நான் வாசிப்பது என்று முடிவாயிற்று.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஆடிக்கு அப்புறம் முதல் சிரிப்பு. வண்டி ஆடும் அளவுக்குச் சிரித்தாள். நான் ஓரமாக நிறுத்தினேன்.

"இப்ப என்ன பண்றது?" என்றேன்.

"பொய்தான் சொல்ல முடியல, உண்மையையும் நம்ப மாட்டேங்கறாங்க. வாசிச்சுத்தான் ஆகோணும்" என்றாள். "ஆண்டு விழாவுக்கு அஞ்சு மாசம் இருக்குது. அந்தத் தொப்பிக்காரரு இன்னும் எத்தன பாடம் போட்டிருக்காரு?"

விழா சென்ற ஜனவரியில் நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கோலாட்டத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவே எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மைக் பாதி நேரம் இரைந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. ஆனாலும் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தேன். கைதட்டினார்கள். கோலாட்டப் பிள்ளைகளுக்குத் தட்டிய அளவுக்கு இல்லை.

மேடையிலிருந்து இறங்கும்போது மனைவி கிட்டார் உறையோடு படியோரம் நின்றிருந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லாருந்துச்சுங்க. கடைசியில மட்டும் கொஞ்சம் வேகமா ஓடிட்டீங்க" என்று சொல்லி, கிட்டாரை வாங்கி உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.