கையில் பார்த்த பிரஷர்

சுவா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அக்கா பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலம். எண்பதுகளில் ஒரு வருஷம் அவளுக்கு இரண்டு கண்ணும் மங்கின. டவுனில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். விழித்திரையில் வீக்கம் என்று சொல்லி, கண்ணை ஒட்டி ஸ்டீராய்டு ஊசி போட்டார். அவர் பேசியது இங்கிலீஷ். கொஞ்சம் படித்திருந்த நான்தான் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"இந்த ஊசியால பிரஷர் ஏறுமாம்க்கா. மாசா மாசம் பாக்கணுமாம்."

கண்ணுக்குள் ஓர் அழுத்தம் உண்டு என்பது எனக்கே தெரியாது. பிரஷர் என்றால் கையில் பட்டை கட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான்.

மூன்றே வாரத்தில் அக்காவுக்குப் பார்வை தெளிந்தது. அரிசியில் கல் பொறுக்கி என்னிடம் காட்டிச் சிரித்தாள். டவுனுக்குப் போவதென்றால் ஒரு நாள் வேலை கெடும். அதனால் மாதம் பிறந்ததும் தோட்டத்து மருந்துக்கடையில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் போனோம். ஊசி போட்டதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. கையில் பட்டை கட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. போய் வேலயப் பாரு லா."

ஒரு வருஷம் அப்படியே பார்த்துக்கொண்டோம். வலி என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. நடக்கும்போது மட்டும் தோளை மரத்தில் இடித்துக்கொள்வாள். பக்கத்தில் போய் நின்றால் திடுக்கிடுவாள். ஒருநாள் பக்கவாட்டில் வந்த மோட்டார் சைக்கிள் பால் வாளியைத் தட்டிவிட, அவளும் விழுந்தாள். மோட்டார் வந்ததே தெரியவில்லை என்றாள்.

மறுபடி அதே டாக்டர். கண்ணில் சொட்டு விட்டு ஒரு கருவியை வைத்து அழுத்தம் பார்த்தார். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டார். மாதம் தவறாமல் கையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, பார்க்கச் சொன்னது இதற்குள் இருக்கும் பிரஷரை என்றார். பிறகு, ஓரப்பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, நடுவில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் அக்காவிடம் சொன்னேன்.

ஆபரேஷன் நடந்தது. நடுப்பார்வை தங்கியது. மரம் சீவப் போவது நின்றது.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு வாய் வந்தது. "நான்தான்க்கா தப்பாச் சொல்லிட்டேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்க்க முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. "பாக்கச் சொன்னாரு. நாமளும் பாத்தோம் லா, பாப்பா," என்றாள்.