ஏறியதை மட்டும் எழுதிய நோட்டு

கிழக்கேகோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றபடியே புடவை விரித்துக் காட்டுகிற அஜிதாவுக்கு, முப்பத்தெட்டாவது வயதில் பளு தூக்கும் பைத்தியம் பிடித்தது. கரமனையில் ஹரிகுமார் நடத்தும் ஜிம்முக்குக் காலையிலேயே போய்விடுவாள். தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்துத் தூக்கி, நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாற்பது கிலோவில் தொடங்கியவள் ஒன்றரை வருடத்தில் நூற்றுப்பத்தைத் தொட்டாள். வீட்டில் யாரும் மெச்சவில்லை. நோட்டில் எழுதிவைத்துத் தானே மெச்சிக்கொண்டாள்.

அந்த ஜிம்மில் ஒரு வழக்கம். எடை கூடினால் தேதி போட்டு எழுத வேண்டும். குறைந்தால் நோட்டைத் திறக்கவே கூடாது.

"குறஞ்சத எழுதாண்டாம் அஜிதா. எழுதினா அது மனசில கேறி இருந்துடும், கேட்டியா?" என்பார் ஹரிகுமார். கெட்ட மனிதரல்ல. ஆனால் இந்தப் புத்திமதியை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களைப் பிடித்து நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு மாதம் நூறுகூட எழவில்லை. பிறகு தொண்ணூறு. பிறகு எழுபதுக்கே இடது கால் நடுங்கியது. அஜிதா எதையும் எழுதவில்லை. பஸ் ஏறும்போது இடது செருப்பு தானாகக் கழன்று விழுந்தது. பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக்கொண்டாள். பயம் வந்த நாளெல்லாம் நோட்டைப் புரட்டுவாள். வரிக்கு வரி ஏறுமுகம். தூக்கம் போதவில்லை, வேறொன்றுமில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள்.

கடையில் பாதம் மடங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஷாலு, முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கியிருக்கிறது என்றார்.

"காலுக்கு பலம் குறஞ்சது எப்ப முதல்?"

அஜிதா பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் கடைசி வரி வரை பார்த்தார்.

"இதுல எங்கயும் குறையவே இல்லியே. கடைசித் தேதி ஏழு மாசம் முன்ன. பின்ன ஜிம்முக்குப் போகல்லியா?"

"தினமும் போனேன் டாக்டர்."

டாக்டர் நோட்டை மூடினார். "ஆபரேஷன் செய்யலாம். இதுக்கு மேல மோசமாகாம பாக்கலாம். ஆனா பாதம் இனி எழும்பும்னு என்னால சொல்ல முடியாது. முதல் மாசமே வந்திருந்தா..."

"யாராவது சொல்லியிருந்தா வந்திருப்பேனே டாக்டர்," என்றாள் அஜிதா. சொல்லியிருக்க வேண்டிய ஆள், குறைந்ததை எழுதாமல் விட்ட தானேதான் என்று மறுகணமே அவளுக்குப் புரிந்தது. மேசையில் தலை வைத்து அழுதாள்.